பதிமூன்றா, பதினைந்தா

ஜூன் 2, ஞாயிறு

மாத்திரை காலையிலும் இரவிலும் சாப்பிட்டார். தூக்கம் பரவாயில்லை. வலிப்பு, மயக்கம் ஒன்றும் இல்லை.

நரம்பு டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொன்னது இவ்வளவுதான். டைரியிலோ ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். மிச்சத்தைக் காலியாக விட எனக்கு மனசு வரவில்லை.

இன்று பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆள் என் புருஷனுடைய எஸ்டீம் காரை விலைக்குப் பார்க்க வந்தார். இருபது வயதைத் தாண்டிய கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, வருஷா வருஷம் ஆட்டோகிராஸ் போட்டியில் ஓட்டுவார் அவர். பெரிய ரேஸ் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலி மைதானத்தில், ரோடு வேலைக்கு வைக்கிற பிளாஸ்டிக் கோன்களை வைத்து, பாம்பு போகிற மாதிரி ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். குறைந்த நேரத்தில் முடிப்பவர் முதல். கோனைத் தட்டினால் தட்டியதற்கெல்லாம் இரண்டிரண்டு வினாடி சேர்த்துவிடுவார்கள். எங்களை மாதிரி மாதச் சம்பளக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் அது.

பிப்ரவரியில் வலிப்பு வந்த பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. "ஓட்டாத வண்டியை வெச்சுட்டு என்ன பண்றது, குடுத்துப்போடலாம்" என்று அவரேதான் ஆளை வரவழைத்தார். வந்த ஆள் செருப்புக் காலால் டயரை ஓர் எத்து எத்தினார். எனக்குச் சுருக்கென்றது.

"வண்டி குடுக்கறதில்லீங்க" என்றேன்.

"பின்னே யாரு ஓட்டறது?" என்றார் இவர்.

"நான்."

வந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகும் ரங்கராஜ் என்கிற என் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவள். காரை வேலைக்கும் சந்தைக்கும் ஓட்டியதோடு சரி.

ஜூன் 5, புதன்

மாத்திரை சரி. ஒன்றும் இல்லை.

அவர் வேலை பார்க்கும் மில்லிலிருந்து போன் வந்தது. லீவு போதும், வந்து சேருங்கள் என்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். தனியாகவா? ஜூலையில் போட்டி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். போட்டிக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அரிசி களையப் போய்விட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மாத்திரை சரி.

அவருடைய சிநேகிதர் ஃபெலிக்ஸ் அண்ணன்தான் போட்டி நடத்தும் கிளப்பில் நேரம் குறிப்பவர். சூலூர் தாண்டி மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் சிமெண்ட் களத்தில் நாங்கள் பழகிக்கொள்ள அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். முன்பு பஞ்சு லாரிகள் நின்ற இடம். பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துக் கோனாக வைத்தோம். அவர் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, "இப்ப பிரேக், இப்ப திருப்பு, இப்ப மிதி" என்று சொல்லச் சொல்ல ஓட்டினேன். முதல் சுற்றில் மூன்று வாளி உடைந்தது. மூன்றும் நல்ல வாளி.

எங்களிடம் இரண்டு செட் சக்கரம் இருக்கிறது. ஒன்று, பதினைந்து அங்குல அலாய். அவருடைய உயிர். அதில் 195/50 டயர். இன்னொன்று பழைய பதிமூன்று அங்குல இரும்புச் சக்கரம், 185/60 டயர். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், டயரோடு சேர்த்து உருண்டை பெரியது பதினைந்துதான். சக்கரம் சிறிதானால் அதே கியரில் இழுப்பு கூடும். பெரிதானால் இழுப்பு குறையும், ஆனால் அகலமான டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

"இதுல யோசிக்க என்ன இருக்குது? பதினஞ்சு" என்றார் அவர்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன். பம்பைக்கூட நான் லேபிளைப் பார்த்து நம்புவதில்லை.

ஜூன் 12, புதன்

மாத்திரை சரி. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் வந்து உட்காரும் அவருடைய அக்கா இன்று வர முடியவில்லை. அரை நாள் லீவு போட்டேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று இவர் மறுபடி கேட்டார். பிப்ரவரியில் கதவை உடைத்தபோது போனது. அன்றைக்கு உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆசாரி ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாத்திரை சரி. தூக்கம் நன்று.

இன்று முறையாக டெஸ்ட் பண்ணினேன். அதே வாளிகள், அதே ஓட்டுநர், அதே காற்றழுத்தம். மாறுவது சக்கரம் மட்டும். கம்பெனியில் பம்பை அப்படித்தான் சோதிப்போம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று பிறகு தெரியாது.

பதினைந்தில் ஐந்து சுற்று, பதிமூன்றில் ஐந்து சுற்று. ஒவ்வொன்றிலும் பதிமூன்றுதான் வேகம். ஒரு வினாடிக்கும் மேலே வித்தியாசம். வளைவிலிருந்து வெளியே வரும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி ஓடுகிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு வாளியை ஏற்றினேன்.

"இன்னொருக்கா ஓட்டு" என்றார் அவர். ஓட்டினேன். அதே முடிவு. ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார், பாவம். அந்த அலாய்க்காக ஈரோடு வரை போய் வந்தவர்.

ஜூன் 18, செவ்வாய்

மாத்திரை சரி. அலாய் நான்கையும் ஷாம்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி துணி காயப்போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

மழைச் சாரல். களம் வழுக்கியது. ஓட்டவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாத்திரை சரி. ஒன்றும் இல்லை.

இன்று பதிமூன்றில் மட்டும் ஓட்டி, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நன்றாகவே பழகிவிட்டது. இடது திருப்பம், வலது திருப்பம், எட்டு போடுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. இப்போது அவர் "பிரேக்" என்று சொல்வதற்கு முன்னாலேயே என் கால் போய்விடுகிறது.

மத்தியானம் அவர் ஒரு யோசனை சொன்னார். "நான் எறங்கி வெளிய நிக்கறேன். டயர் எப்படித் தரையைப் புடிக்குதுன்னு வெளிய இருந்து பாத்தாத்தான் தெரியும்."

"வேண்டாமுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்பம் வருது."

"அதான் சொல்றதுக்கு முந்தியே திருப்பறயே?"

"வெயிலு" என்றேன். வானம் முழுக்க மேகமாக இருந்தது. அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஜூலை 8, திங்கள்

மாத்திரை சரி. மில்லிலிருந்து மறுபடி போன். அவர் வாசலுக்குப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனபோது, கார் ஓட்டுவதும் உயரத்தில் ஏறுவதும் நீச்சலும்தான் கூடாது, மற்றதெல்லாம் முன்போலச் செய்யட்டும் என்று மறுபடியும் சொன்னார். அந்த அம்மாவுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

ஜூலை 13, சனி

மாத்திரை சரி. நாளைக்குப் போட்டி. வண்டியில் பதிமூன்றை மாட்டியாயிற்று. பின் சீட் இருந்த இடத்தில் நான்கு அலாயையும் அடுக்கி வைத்திருக்கிறார். எதற்கு என்றேன். "சும்மா கெடக்கட்டும்" என்றார். பெண் வீட்டுக்குப் போகும் சீர் மாதிரி பளபளவென்று இருக்கின்றன.

ஜூலை 14, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டுவிடுவேன்.

அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய தார்க் களம். பழைய குடோன் ஒன்றைச் சுற்றிப் பாதை போட்டிருந்தார்கள். காலையில் ஓட்டுநர்கள் பாதையை நடந்து பார்க்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். ஓட்டுபவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. இவரை எங்கே விடுவது? ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டேன், போதும் என்று நினைத்தேன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். நல்ல நேரம் எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது. விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பதுதான் இன்றைய கதை.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வலது திருப்பம் அருமை. அடுத்த இடது திருப்பத்தில் மிதித்ததும் எஞ்சின் அலறுகிறது, கார் போகமாட்டேன் என்கிறது. இடப்பக்க டயர் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது, ரப்பர் வாசம் மூக்கில் ஏறுகிறது. அடுத்த இடதிலும் அப்படியே. பதறிப்போய் இரண்டு கோனைத் தட்டினேன். குடோனுக்குப் பின்னால் எந்தப் பக்கம் போவது என்றே ஒரு நொடி தெரியவில்லை. முடித்து வெளியே வந்தபோது பட்டியலில் எனக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான். அந்த ஆளின் கார் வழியில் நின்றுவிட்டதாம்.

ஷாமியானாவில் அவர் என் சேரைத் துடைத்து வைத்திருந்தார்.

"லெஃப்ட்டுல திரும்பறப்ப எல்லாம் உள்பக்க டயர் சும்மா சுத்துது" என்றார். "ப்ராக்டீஸ்ல ஒரு நாளும் இப்படிச் சுத்தலை."

"அதாங்க எனக்கும் புரியலை. அதே டயர், அதே காத்து. ஒண்ணுமே மாத்தலை."

"மாத்தியிருக்குது."

"என்னங்க?"

"நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்."

ஓட்டுகிறவள் வலப்பக்கம். இடப்பக்கம் எண்பத்தாறு கிலோ மனிதர், ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு சுற்றும். இடப்பக்கம் திரும்பினால் கார் வலப்பக்கம் சாயும், இடது சக்கரத்துக்குப் பாரம் குறையும். அவர் உட்கார்ந்திருந்ததால் அது தரையை விடவில்லை. இப்போது ஆளில்லை. சின்னச் சக்கரத்துக்கு இழுப்பு வேறு அதிகம். சுற்றாமல் என்ன செய்யும்? ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று கம்பெனியில் ஊருக்கெல்லாம் சொல்கிறவள், முழு மனிதரை வண்டியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சோதித்திருக்கிறேன்.

"ஒருக்காவது என்னைய எறக்கி உட்டுட்டு ஓட்டியிருந்தீன்னா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர். "எறக்கி உட மாட்டேங்கறயே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எறக்கி உட்டுட்டு நான் அந்தக் கோடிக்குப் போயிட்டா? கீழ வுளுந்து கெடந்தீங்கன்னா யாரு பாக்கறது?"

பக்கத்துச் சேர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்த முடியவில்லை. "கதவுக்கு வெளிய நின்னு கத்துனது நானுங்க. உள்ள இருந்தவருக்கு என்ன தெரியும்?"

அவர் கோபமே இல்லாமல் சொன்னார். "எனக்குத் தெரியாதுதான். நான் எந்திரிச்சப்ப உன் மொகத்தைத்தான் பாத்தேன். அதுக்காகத்தான் இத்தனை மாசம் நீ சொன்ன எடத்துல எல்லாம் உக்காந்தேன். கார்லயும்தான்." தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "வலிப்பு வந்தா ஒருச்சாய்ச்சுப் படுக்க வெக்கோணும், வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது. ஃபெலிக்ஸுக்குச் சொல்லியிருக்கறேன். மில்லுல சொல்லியிருக்கறேன். பஸ்ஸுல ஏறுனா கண்டக்டருகிட்டயும் சொல்லிக்குவேன். எனக்கு அதுல வெக்கமில்லே சுகுணா. எப்பவும் ஒருத்தர் காவலுக்கு நிக்கறாங்களே, அதுதான் தாங்க முடியல."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"சாப்பாட்டு நேரம். டிராக்கைத் தெறந்து உட்டிருக்கறாங்க" என்றார். "நீ போயி நடந்து பாத்துட்டு வா. நான் பதினஞ்சை மாட்டி வெக்கறேன்."

"ஜாக்கிய நீங்களா?"

"ஜாக்கி நான்தான் போடுவேன். கார் உன்னுது, ஜாக்கி என்னுது."

போனேன். முதல் கோனிடம் திரும்பிப் பார்த்தேன். குனிந்து நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாவது கோனில் பார்த்தேன். காரின் ஒரு பக்கம் மேலே எழுந்திருந்தது. அப்புறம் பாதை குடோனைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்குப் பின்னால் போனால் அவர் தெரியமாட்டார். அந்த மூலையில் நான் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் நடந்த காலேஜ் பெண் ஒருத்தி, "என்ன ஆன்ட்டி, கால் வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு நடந்தேன்.

குடோனுக்குப் பின்னால் பாதை லேசாகச் சரிகிறது. படத்தில் அது தெரியாது. அங்கே இடது திருப்பத்தில் இப்போதே திரும்பாமல் இன்னும் ஒரு கார் நீளம் போய்த் திரும்பினால் நேராக வெளியே வந்துவிடலாம். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவரைப் பற்றி நினைக்கவில்லை என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

வந்து பார்த்தால் நான்கு சக்கரமும் மாட்டியாயிற்று. அவரும் ஃபெலிக்ஸ் அண்ணனும் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதோ பழைய ரேஸ் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை முழுக்கக் கருப்பு. நான் வந்து நின்றதைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் காருக்குள் சத்தமே இல்லாத மாதிரி இருந்தது. "பிரேக்" என்று சொல்ல ஆளில்லை. நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். இடது திருப்பத்தில் டயர் கொஞ்சம் கீச்சிட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. பதிமூன்று மாதிரி பாய்ச்சல் இல்லை. ஆனால் கார் சொன்ன இடத்துக்குப் போனது. குடோனுக்குப் பின்னால் சரிவில் ஒரு கார் நீளம் காத்திருந்து திருப்பினேன். ஒரு கோனும் விழவில்லை.

பட்டியலில் நடுவுக்கு வந்துவிட்டேன். கோப்பை இல்லை, போட்டோ இல்லை. ஃபெலிக்ஸ் அண்ணன் மைக்கில், "சுகுணா ரங்கராஜ், இன்னைக்கு ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல யாரும் இவ்வளவு நேரத்தைக் குறைக்கலைங்க" என்று சொன்னார். முதல் ஓட்டம் அவ்வளவு கேவலமாக இருந்தால் யாராலும் முடியும்தான். இருந்தாலும் கைதட்டினார்கள்.

மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன். அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 15, திங்கள்

ஆசாரியை வரச் சொன்னேன். தாழ்ப்பாள் போட்டாயிற்று, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. அது போதும் என்றார்.

ஜூலை 18, வியாழன்

வரும் திங்கட்கிழமை மில்லுக்குப் போவது என்று முடிவு. அக்காவிடம் இனி வர வேண்டாம் என்று அவரே போனில் சொன்னார். அக்கா என்னைக் கூப்பிட்டு நம்ப முடியாமல் கேட்டார். ஆமாங்க அக்கா என்றேன். போனை வைத்துவிட்டு வெகு நேரம் பாத்திரம் தேய்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

டெஸ்டைச் சரியாகப் பண்ண வேண்டுமல்லவா? இன்று காலையில் களத்துக்குத் தனியாகப் போனேன். அவர் வரட்டுமா என்று கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. வாளிகளை நானே வைத்து, ஜாக்கியும் நானே போட்டேன். நட்டைத் தளர்த்த ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்தேன், யாரும் பார்க்கவில்லை. பதிமூன்றில் ஐந்து சுற்று, பதினைந்தில் ஐந்து சுற்று. இடையில் இரண்டு முறை போனை எடுத்து, பேசாமல் உள்ளே வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது.

அவர் உள்ளே இருப்பார் என்று நான் சாவி எடுத்துப் போகவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு நான் தனியாக வெளியே போய் வரும்போது கதவு பூட்டியிருந்ததே இல்லை. பெல் அடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹால் காலி. போனில் அவர் பெயர் வரை போனேன். விரல் அங்கேயே நின்றது. கூப்பிட்டால் எடுப்பார், எங்கே இருக்கிறேன் என்று சொல்வார், நாளைக்கும் நான் கூப்பிடுவேன், அடுத்த நாளும் கூப்பிடுவேன். போனை அணைத்துவிட்டுக் கார் பானட்டில் சாய்ந்து நின்றேன். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி மழை பற்றி ஏதோ சொன்னார். நானும் மழை பற்றி ஏதோ சொன்னேன்.

வெகு நேரம் கழித்துத் தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. முடி வெட்டி, டை அடித்து, பத்து வயசு குறைந்து நடந்து வந்தார். நாளைக்கு வேலையில் சேரப் போகிறாரே. முகத்தில் பவுடர் வேறு. என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எது?" என்றார்.

"தனியா ஓட்டறப்ப பதினஞ்சுங்க. நீங்க பக்கத்துல உக்காந்தா பதிமூணு."

அவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு செட்டும் வேணும்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.